கைக்கு ஏற்ற வாட்ச் எது?

கடைக் கண்ணாடிப் பெட்டியில் எடுப்பாகத் தெரியும் வாட்ச், கையில் கட்டியதும் தட்டு மாதிரி பரந்து நிற்கும். ஆண்களுக்கு வாட்ச் எடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. மணிக்கட்டில் நூலைச் சுற்றி, ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளுங்கள். 16 செ.மீ. வரை என்றால் 34-38 மி.மீ. அகல வாட்ச், 16-18 செ.மீ. என்றால் 38-42 மி.மீ., அதற்கு மேல் 42-44 மி.மீ. பொதுவாகப் பொருந்தும். பக்கவாட்டுத் திருகை இந்த அளவில் சேர்க்கக் கூடாது.

2. ஸ்ட்ராப் கோக்கும் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை உள்ள நீளத்தையும் பாருங்கள். அது மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டினால் ஸ்ட்ராப் கையோடு படியாமல் தூக்கி நிற்கும்.

3. முழுக்கை சட்டை போடுபவர்கள் 10 மி.மீ.க்கு உட்பட்ட கனத்தில் எடுங்கள். தடித்த வாட்ச் சட்டைக் கையில் மாட்டி இழுக்கும்.

4. ஸ்ட்ராப்பின் அகலம், வாட்ச் அகலத்தில் ஏறக்குறைய பாதி இருக்கட்டும். 40 மி.மீ. வாட்ச்சுக்கு 20 மி.மீ. ஸ்ட்ராப் எடுப்பாக இருக்கும்.

5. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்டிப் பாருங்கள். எலும்பின் மேலேயே கட்டினால் கையை மடக்கும்போது திருகு புறங்கையில் குத்தும்.

6. சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விடுங்கள். வெயில் நேரத்தில் கை சற்று வீங்கும்.

7. செயின் வாட்ச் தொளதொளவென்று இருந்தால் கடையிலேயே கண்ணிகளைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியவற்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். கை பருத்தால் திரும்பக் கோக்கலாம்.

8. கையை நீட்டி நிலைக்கண்ணாடியில் பாருங்கள். கண்ணுக்கு அருகில் எல்லா வாட்ச்சும் பெரிதாகவே தெரியும்.