ஏழுமலையான் கேட்கும் கணக்கு

திருமலையில் பொழுது புலர்வதற்கு வெகுநேரம் முன்பே சுப்ரபாதத்துடன் திருக்கோயில் விழித்துக்கொள்கிறது. சந்நிதி தூய்மை செய்யப்பட்டு, தோமாலை சேவையில் மூலவருக்கு மாலைகள் சாற்றப்படுகின்றன. அடுத்து நடைபெறும் சிறிய வழிபாடு பெரும்பாலான பக்தர்களின் கண்ணில் படுவதில்லை. அதன் பெயர் கொலுவு.

கொலுவு ஸ்ரீநிவாசர் என்னும் சிறிய திருமேனியை ஸ்நபன மண்டபத்தில் ஆசனத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். அரசவை கூடியதுபோல் அர்ச்சகர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். முதலில் பஞ்சாங்கம் படிக்கப்படுகிறது. அன்றைய திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் ஆகியவை பெருமானுக்கு விண்ணப்பிக்கப்படுகின்றன. அன்று நடைபெறவிருக்கும் உற்சவங்கள் அறிவிக்கப்படுகின்றன. பிறகு முந்தைய நாளின் உண்டியல் வருமானம் வகைவாரியாகப் படித்துக் காட்டப்படுகிறது. அன்னதானத்திற்குக் கொடை அளித்தவர்களின் பெயர்களும் சொல்லப்படுகின்றன. இறுதியில் எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த நைவேத்தியம் சமர்ப்பிக்கப்படுகிறது. இதன் பின்னரே அர்ச்சனை தொடங்குகிறது.

எல்லாம் அறிந்த இறைவனுக்கு நேற்றைய வரவைப் படித்துக் காட்டுவது எதற்காக? அவன் அறியாத நாளும் கோளும் உண்டா? சிந்தனைக்குரிய கேள்வி இது. இதற்கான விடையில் இல்லறத்தாருக்கும் சிறுவணிகருக்கும் பெரியதொரு பாடம் அடங்கியிருக்கிறது.

கணக்கு யாருக்காக?

கணக்கைக் கேட்பவனுக்கு அதனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. படிப்பவருக்குத்தான் அது தேவைப்படுகிறது. ‘இந்தச் செல்வம் என்னுடையதன்று, நான் இதன் காவலன் மட்டுமே’ என்ற உண்மையை மனம் எளிதில் மறந்துவிடும். நாள்தோறும் உடையவன் முன் நின்று கணக்குச் சொல்பவருக்கு அந்த மறதி வருவதில்லை.

திருமலையில் காணிக்கைகளை எண்ணும் இடத்திற்குப் பரகாமணி என்று பெயர். அங்கே எண்ணும் பணியில் அமர்பவர்கள் பை இல்லாத எளிய உடையே அணிய வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இது நம்பிக்கையின்மைபோல் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால், நேர்மையானவரைச் சந்தேகத்திலிருந்து காக்கும் கவசம் இது என்பது விளங்கும். ஒரு கடையில் கல்லாப்பெட்டியை இரவில் இருவர் சேர்ந்து எண்ணுவதும் இத்தகையதே. பணியாளரை அவமதிப்பதற்காக ஏற்பட்ட வழக்கமன்று அது. நாளை நூறு ரூபாய் குறைந்தால் வீண்பழி அவர்மீது விழாமல் காப்பது அதன் நோக்கம்.

காந்தியடிகள் இளம் மாணவராக லண்டனில் வாழ்ந்தபோது வண்டிக் கட்டணம், தபால் செலவு, செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை ஆகியவற்றைக்கூட எழுதி வைத்தார். படுக்கப் போகுமுன் கணக்கை நேர்செய்தார். பின்னாளில் பெருந்தொகையான பொதுநிதியைக் கையாண்டபோது அந்தப் பழக்கமே தமக்குத் துணைநின்றது என்று தமது சுயசரிதையில் குறிப்பிடுகிறார். கணக்கு எழுதுவது அவருக்குச் சத்தியத்தைக் கடைப்பிடிக்கும் சாதனைகளுள் ஒன்றாக இருந்தது.

நேற்றும் இன்றும்

கொலுவில் இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. பஞ்சாங்கத்தின் மூலம் இன்றைய நாள் அறியப்படுகிறது. கணக்கின் மூலம் நேற்றைய நாள் முடித்து வைக்கப்படுகிறது. பெரும்பாலான வீடுகளில் குழப்பம் நேர்வதற்குக் காரணம் வேலையின் மிகுதி அன்று. நேற்று முடிவடையாமல் இன்றைக்குள் வழிந்து வருவதுதான் காரணம். பிரிக்கப்படாத கடிதமும், எழுதப்படாத செலவும், கட்ட மறந்த மின்கட்டணமும் மனத்தின் மூலையில் முணுமுணுத்துக்கொண்டே இருக்கின்றன. ஜபத்திற்கு அமர்ந்தாலும் அந்த முணுமுணுப்பு ஓய்வதில்லை.

காலையில் பூஜை முடிந்ததும் பத்து நிமிடங்கள் போதும். குடும்பத்தார் அமர்ந்து நாட்காட்டியைப் பார்க்கலாம். இன்று யாருக்கு என்ன வேலை, எந்தக் கட்டணத்திற்குக் கடைசி நாள், தாத்தாவின் மருந்து எத்தனை நாளைக்கு வரும் என்று பேசிக்கொள்ளலாம். நேற்றைய வரவு செலவை ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். வாய்விட்டுப் படிப்பதில் ஒரு நன்மை உண்டு. மறைக்க விரும்பும் செலவை வாய் சொல்லத் தயங்கும். அந்தத் தயக்கமே ஆசிரியராகிவிடும்.

வணிகருக்கு இது இன்னும் இன்றியமையாதது. சித்தூர் வட்டாரத்தில் விளையும் தோதாபுரி மாங்காய் பருவத்தில் வண்டி வண்டியாகக் கூழ்த் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. எடைபோட்ட அன்றே எல்லோருக்கும் பணம் கிடைப்பதில்லை. அதுவரை விவசாயியின் கையில் இருக்கும் முக்கியமான சான்று ஓர் எடைச்சீட்டு. ஒரு பருவத்து உழைப்பு அந்தச் சிறு தாளில் அடங்கியிருக்கிறது. அது சட்டைப்பையிலேயே கிடந்து துவைக்கும் நீரில் கரைந்துவிட்டால் நேரும் இழப்பை யார் ஈடுசெய்வது? வீடு திரும்பியதும் சீட்டை அதற்குரிய உறையில் இட்டு, தேதியையும் எடையையும் நோட்டில் குறிப்பதற்கு இரண்டு நிமிடங்கள்கூட ஆகாது.

நாள்முறை என்பது இறுகிய தளையன்று. மார்கழியில் திருமலையிலேயே சுப்ரபாதத்தின் இடத்தைத் திருப்பாவை பெறுகிறது. அதுபோல் தேர்வுக்காலம், அறுவடைக்காலம், திருவிழாக்காலம் ஆகியவற்றுக்குத் தக்கபடி வீட்டின் நேரங்கள் மாறலாம். மாற்றமும் முன்கூட்டியே வகுத்ததாக இருந்தால் போதும். உணவு, உறக்கம், உழைப்பு, ஓய்வு அனைத்திலும் அளவோடு வாழ்பவனுக்கே யோகம் கைகூடும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுவதன் கருத்து இதுவே.

கழிப்பதற்கும் ஓர் இடம்

ஒழுங்கு என்றதும் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது என்று சிலர் கருதிவிடுகிறார்கள். திருமலையில் பெருமானுக்குச் சாற்றிக் களைந்த மாலைகளைப் பக்தர்களுக்கு வழங்காமல், கோயிலுக்குள் இருக்கும் பூங்கிணற்றில் சேர்ப்பது மரபு. இறைவன் திருமேனியில் இருந்த மலருக்கும் நீங்கவேண்டிய நேரம் உண்டு. நீங்கிச் சேரவேண்டிய இடமும் உண்டு.

தாள்களுக்கும் இதுவே விதி. வீட்டுப் பத்திரம், பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், கல்விச் சான்றிதழ்கள் ஆகியவை என்றும் காக்கப்பட வேண்டியவை. சரக்கு மற்றும் சேவை வரியில் பதிவுசெய்த வணிகர், ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் இன்னும் நீண்ட காலம் காக்க வேண்டியிருக்கும். காலாவதியான உத்தரவாதச் சீட்டு, பணம் கட்டி முடித்த பழைய கேபிள் ரசீது போன்றவை விடைபெறலாம். இந்த மூன்று வகைகளும் ஒரே பையில் கலந்து கிடப்பதுதான் துன்பத்தின் தொடக்கம்.

சாவிக்கொத்து

நாள்தோறும் கணக்குச் சொல்வது போதாதென்று ஆண்டுக்கொருமுறையும் திருமலையில் ஒரு நாள் வருகிறது. அதன் பெயர் ஆனிவார ஆஸ்தானம். மகந்துகள் நிர்வாகம் நடத்திய காலத்தில் ஆனி மாதக் கடைசி நாளில் கோயிலின் புதிய கணக்காண்டு தொடங்கியது. தேவஸ்தானம் ஏற்பட்டபின் கணக்காண்டு மார்ச், ஏப்ரலுக்கு மாறிவிட்டது. விழா மட்டும் இன்றும் ஜூலை மாதத்தில் நடைபெறுகிறது. அன்று கோயிலின் சாவிக்கொத்தை ஜீயர்களின் கையிலும் நிர்வாக அதிகாரியின் கையிலும் மாட்டி, பிறகு பெருமானின் திருவடியில் வைக்கிறார்கள்.

சாவி எவர் இடுப்பில் தொங்கினாலும் அது வேறொருவருடையது என்பதை இதைவிட அழகாக உணர்த்த முடியுமா? வீட்டுத் தலைவரும் கடை முதலாளியும் ஆண்டுக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். ஆயுத பூஜையோ புதுக்கணக்கு நாளோ அதற்கு ஏற்றது. அன்று பேரேட்டை முடித்து, கொடுக்கவேண்டிய கடனையும் வரவேண்டிய கடனையும் எழுதி, காப்பீடுகளும் உரிமங்களும் எந்நாளில் முடிகின்றன என்று பார்த்து, வங்கிக் கணக்குகளில் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, சாவிகளோடு இறைவன் படத்தின் முன் வைக்கலாம். புத்தகத்தில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கும் நம் மரபு, முடிக்கும்போதும் இறைவனை மறக்காதிருப்பது சிறப்பு.

சித்தூரிலிருந்து வந்த கேள்விகள்

1801-இல் கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. திருப்பதிக் கோயில்களின் மேற்பார்வை, சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட கலெக்டரின் பொறுப்பாயிற்று. 1803-இல் கலெக்டர் ஸ்டிராட்டன் பூஜைகள், செலவுகள், நிலங்கள் ஆகியவற்றைத் தொகுத்து அறிக்கை அனுப்பினார். 1821-இல் புரூஸ் விதித்தொகுப்பு உருவாயிற்று. அதில் 42 விதிகள் இருந்தன.

அந்த விதிகளுக்கு அடிப்படை, கோயிலில் ஏற்கெனவே நிலவிய வழக்கங்களே. பழகியவர்களின் நினைவில் இருந்தவை கேட்டறியப்பட்டு, எழுத்தில் பதிவாயின. 1843-இல் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் சென்றது. 1933-இல் சட்டத்தின் மூலம் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அமைந்தது. பொறுப்பேற்றவர்கள் மாறினார்கள், வழிபாடு தொடர்ந்தது. எழுதி வைத்த முறை, புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டியாக நின்றது.

திருப்பதியில் ஒரு சிறு பாத்திரக்கடை வைத்திருக்கும் வணிகரை எண்ணிப் பார்க்கலாம். சரக்கு எங்கிருந்து வருகிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி, கடை வாடகை ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்ற அனைத்தும் அவருக்கு மனப்பாடம். ‘எல்லாம் என் தலையில் இருக்கிறது’ என்று பெருமையோடு சொல்வார். ஒருநாள் அவர் திடீரென மருத்துவமனையில் படுத்துவிடுகிறார். கடையைத் திறந்து அமரும் அவருடைய மனைவிக்குச் சாவி கிடைக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை. கொடுத்த கடன் திரும்புவதில்லை. கொடுக்கவேண்டியவர்கள் மட்டும் வாசலில் வந்து நிற்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டுச் சீட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று மயக்கத்தில் கிடப்பவரிடம் யார் கேட்பது?

‘என் தலையில் இருக்கிறது’ என்பது திறமையைப்போல் ஒலிக்கும். அதன் உள்ளே ‘நானின்றி எதுவும் நடவாது’ என்னும் அகங்காரம் ஒளிந்திருக்கக்கூடும். அறிந்ததை எழுதி வைப்பவர், தாம் இல்லாத நாளையும் பணிவோடு ஒப்புக்கொள்கிறார்.

கல்லும் செம்பும்

திருமலை, திருப்பதி, திருச்சானூர் ஆகிய தலங்களின் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பல்லவ குலத்து அரசியான சாமவை வெள்ளியாலான திருமேனியை அளித்து, நிலமும் அணிகலன்களும் வழங்கிய செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது. எதைக் கொடுத்தோம், எதற்காகக் கொடுத்தோம் என்று வருங்காலத்தாருக்கு விளங்கும்படி அன்றே பொறிக்கப்பட்டதால், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் கொடையின் நோக்கம் தெளிவாக நிற்கிறது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்ற அறிஞர்கள் 20-ஆம் நூற்றாண்டில் இவற்றைப் படித்துத் தொகுத்தார்கள்.

அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகளுக்கும் இதே பேறு கிட்டியது. அவருடைய சந்ததியார் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிற்றறையில் வைத்தார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் அவை மீண்டும் வெளிவந்தன. இன்று வீடுகளில் ஒலிக்கும் பல பாடல்கள், யாரோ ஒருவர் அன்று உரிய இடத்தில் எடுத்து வைத்ததன் பயன்.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. பத்து ஆண்டுகளாக யாரும் கேட்காத வங்கி வைப்புத்தொகைகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகின்றன. 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் இவ்வாறு மாற்றிய தொகை சுமார் 35,000 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. உரியவர்கள் உரிய சான்றோடு எப்போது கேட்டாலும் வங்கியின் மூலம் திரும்பப் பெறலாம். கேட்கத் தெரிய வேண்டுமே! அதில் எத்தனையோ தந்தையர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு இருப்பதே தெரிந்திராது. அன்பு இருந்தது, ஒரு வரிக் குறிப்பு இல்லை. 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்கிற்கு நான்கு பேர்வரை நாமினியாக நியமிக்கலாம். இவ்வசதியைப் பயன்படுத்துவதும் குடும்பத்திற்குச் செய்யும் தொண்டே.

ஆதலால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாள் இருக்கட்டும். எந்தெந்த வங்கியில் கணக்கு, எந்தக் காப்பீடு, எந்த நிலம், யாரிடம் கடன், எந்தப் பத்திரம் எந்த அலமாரியில் என்று அதில் எழுதியிருக்கட்டும். இரகசிய எண்களை அதில் எழுதவேண்டியதில்லை. அந்தத் தாள் இருக்குமிடம் குடும்பத்தில் இருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கொலுவில் படிக்கப்படும் கணக்கு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. படித்தவர் பாரம் இறங்கியவராய் அடுத்த சேவைக்குத் திரும்புகிறார். நேற்றை இறைவனிடம் ஒப்படைத்தவருக்கே இன்றைய நாள் முழுமையாகக் கிடைக்கிறது.

சிந்தனைக்கு:

1. நேற்றைய வரவு செலவைக் குடும்பத்தார் முன் வாய்விட்டுப் படிக்க முடியுமா? எந்த வரியில் தயக்கம் வருகிறது?

2. என்றும் காக்கவேண்டியவை, சில ஆண்டுகள் காக்கவேண்டியவை, இன்றே கழிக்கவேண்டியவை என்று வீட்டுத் தாள்களைப் பிரிக்க இந்த வாரத்தில் எந்த நாள் ஏற்றது?

3. ‘என் தலையில் மட்டும் இருக்கிறது’ என்று சொல்லக்கூடிய செய்திகள் எவை? அவற்றுள் எதை இன்றிரவே எழுதி வைக்கலாம்?