அவையில் அனைவர்க்கும் இடம்

அறிஞர் பலர் ஓரிடத்துக் கூடித் தாம் ஆராய்ந்து கண்டவற்றை ஒருவர்க்கொருவர் எடுத்துரைக்கும் அவையே மாநாடு எனப்படும். மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் முதலிய ஒவ்வொரு துறையினரும் இத்தகைய மாநாடுகளைக் கூட்டுகின்றனர். புதிய கருத்துகள் பிறப்பதும், பழைய பிழைகள் திருந்துவதும், இளையோர் மூத்தோரின் நட்பைப் பெறுவதும் ஆங்கேதான். அவ்வவையில் பார்வையற்ற அறிஞர்க்கு இடம் உண்டா?

அறிவு புகுதற்கு வாயில்கள் பல. இங்கிலாந்து நாட்டு நிக்கொலஸ் சாண்டர்சன் என்பார் குழந்தைப் பருவத்திலேயே பெரியம்மையால் பார்வையை இழந்தார். அவரே 1711 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். ஒளியின் இயல்பைப் பற்றியும் மாணவர்க்கு விரிவுரையாற்றினார். பிரான்சு நாட்டு லூயி பிரெயில் 1829 ஆம் ஆண்டில் வெளியிட்ட புள்ளியெழுத்து முறை, பார்வையற்றோர் விரல்நுனியாற் படிக்க வழிசெய்தது. இன்று, எழுத்தைக் குரலாக மாற்றிப் படித்துக்காட்டும் கணினியும் அவர்க்குத் துணையாக உள்ளது.

இத்துணை வாய்ப்பு இருந்தும் அவர் மாநாட்டில் இடர்ப்படுவது ஏன்? பேசுவோர் ஒருவர் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டி, “இதோ, இக்கோடு இவ்வாறு ஏறுகிறது, இதிலிருந்து உண்மை விளங்கும்” என்று கூறி மேலே செல்கிறார். காண்போர் தலையசைக்கின்றனர். பார்வையற்றவர்க்கோ ‘இது’ எது என்றும், ‘இவ்வாறு’ எவ்வாறு என்றும் விளங்குவதில்லை. பேசுவோரின் வழக்கமே இங்குத் தடையாகின்றது. “பத்து ஆண்டுகளில் விளைச்சல் இருமடங்காயிற்று” என்று ஒரு தொடர் கூட்டியுரைப்பின் அத்தடை நீங்கும்.

மாநாடு கூட்டுவோர் செய்யத்தக்கன சில உள. கட்டுரைகளைச் சில நாள் முன்னரே பிரெயில் எழுத்திலோ, கணினி படித்துக்காட்டத்தக்க வடிவிலோ அனுப்புதல் வேண்டும். வினா எழுப்புவோர் தம் பெயரை முதலிற் கூறுதல் வேண்டும். அரங்கிற்கு அழைத்துச் செல்வோர் பார்வையற்றவரின் கையைப் பற்றி இழுத்தல் ஆகாது. தம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளச் செய்து, சற்று முன்னே நடத்தல் முறை. படிகள் வருமிடத்தை முன்னரே சொல்லுதல் நன்று.

இவற்றை இரக்கத்தால் ஈயும் கொடையெனக் கருதற்க. ஐக்கிய நாடுகள் அவை 2006 இல் ஏற்ற உடன்படிக்கையும், நம் நாட்டில் 2016 இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், இடங்களையும் செய்திகளையும் தடையின்றி அடைதலை அவர்தம் உரிமையென்றே கொள்கின்றன.

மாணவர்களே! நாளை நீங்களும் அவையேறிப் பேசுவீர்கள். திரையைக் காணாதார்க்கும் விளங்குமாறு பேச இன்றே பழகுங்கள். அங்ஙனம் பேசுவோர் சொல் காண்பார்க்கும் தெளிவு தரும். கருத்துடைய ஒருவர் வாய் திறவாமலே திரும்புவாராயின், அவ்விழப்பு அவரோடு நில்லாது. அவை முழுமைக்கும் உரியதாகும்.