மகள் ராப் பாடட்டுமா?

கேள்வி: அக்கா, நாங்கள் தாராவி 90 அடி ரோட்டில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கொஞ்ச நாளாக ராப் எழுதிப் பாடுகிறாள், பாதி தமிழ், பாதி இந்தி. "பொம்பளப்பிள்ள மேடையில நின்னு கத்தணுமா?" என்று வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். இந்தப் பாட்டுகளில் கெட்ட வார்த்தை அதிகம் என்பதால் எனக்கும் பயம்தான். பெண்களுக்குத் தைரியம் கொடுக்கும் பாட்டு என்று சொல்லி என்னென்னவோ கேட்கிறாள். எதைக் கேட்கச் சொல்வது? எங்கே அனுப்பலாம்?
— பெயர் வெளியிட வேண்டாம், தாராவி

பதில்: அன்புத் தங்கைக்கு, பாடட்டும். எதைப் பாடுவது, எங்கே பாடுவது என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரரும் சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்தானே? அண்ணன் சீர் செய்யாதது, மாமியார் படுத்திய பாடு, கூலியில் பிடித்துக்கொண்டது எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். ஊரே கூடி நிற்க, மாரில் அடித்துக்கொண்டு, எதுகை தப்பாமல் பெண்கள் சொல்லித் தீர்ப்பார்கள். பொம்பளை கத்தலாமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்த உரிமையை உங்கள் மகள் சாவு விழாத நாளிலும் கேட்கிறாள். இதே பிள்ளை மாட்டுங்கா ஷண்முகானந்தா மேடையில் கீர்த்தனை பாடினால் அப்பா முதல் வரிசையில் போய் உட்காருவார். மேடை அவருக்குப் பிரச்சினை இல்லை. பெண் வாயால் புகார் வருவதுதான் உறுத்துகிறது. அவரிடம் இதைப் பொறுமையாகப் பேசிப் பாருங்கள்.

முதலில் கேட்க வேண்டியது சோஃபியா அஷ்ரஃபின் 'கொடைக்கானல் வோன்ட்'. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடை வரைக்கும் வந்தது அம்பலமாகி, 2001இல் அதை மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் நோயோடும் வழக்கோடும் அலைந்தார்கள். 2015 ஜூலையில் சென்னைப் பெண்ணான சோஃபியா, நிக்கி மினாஜின் பிரபலமான மெட்டை எடுத்து இந்தக் கதையை ராப்பாகப் பாடினார். சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், நிறுவனத்தின் தலைவரே பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து வருடம் போராடியவர்கள் தொழிலாளர்கள்தான், பாட்டு மட்டுமே அதை வாங்கிக் கொடுத்துவிடவில்லை. ஆனால் ஊர் மறந்துபோன வழக்கை அது மறுபடி எல்லோர் வாயிலும் போட்டது. மண்ணில் கிடந்த பாதரசம் அப்படியே இருந்ததால் 2018இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவோடு சேர்ந்து சோஃபியா இன்னொரு பாட்டும் பாடினார்.

இதை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. 'நான் சிங்கம், நான் நெருப்பு' என்று பாடும் பாட்டு கேட்கிறபோது உடம்பைச் சிலிர்க்க வைக்கும், மறுநாள் ஒன்றும் மிஞ்சாது. யாரிடம் கேள்வி கேட்கிறோம், எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து எழுதிய பாட்டுக்குத்தான் பலம் அதிகம். என் வரையில் தைரியமூட்டும் பாட்டு அதுதான்.

அடுத்து இசைவாணி. வடசென்னையில் ஆண்கள் கையிலேயே இருந்த கானாவை மேடையேறிப் பாடிய பெண். பா. ரஞ்சித் தொடங்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். கோயில் நுழைவு பற்றி அந்தக் குழுவில் அவர் பாடிய பழைய பாட்டு ஒன்றுக்காக 2024இல் அவருக்கு மிரட்டல்கள் வந்தன. பயமுறுத்தச் சொல்லவில்லை. பாட்டை வெளியில் விடுமுன் வீட்டு முகவரி, போன் நம்பர், படிக்கிற இடத்தின் பெயர் எதுவும் எங்கும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மும்பையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். செம்பூருக்குப் பக்கத்தில், கோவண்டியில், ஆட்டோ ஓட்டுநரின் மகள் சானியா எம்க்யூ, ஹிஜாப் அணிந்து இந்தியில் தன் பேட்டையைப் பாடுகிறார். உங்கள் மகள் இவரைக் கட்டாயம் கேட்கட்டும். கல்யாணில் வளர்ந்த மலையாளி டீ எம்சி 'கல்லி பாய்' படத்திலும் தலைகாட்டினார். 'வைல்ட் வைல்ட் விமன்' என்ற பெண்கள் குழு தமிழ் உட்படப் பல மொழிகளில் பாடுகிறது. மொழி கலப்பதற்கு அவள் வெட்கப்பட வேண்டாம். தாராவி பேசுவதே அப்படித்தான். 'காலா' படத்தில் தாராவிப் பையன்கள் டோப்அடெலிக்ஸ் பாடியதை நாடே கேட்டது.

கெட்ட வார்த்தை பற்றிய உங்கள் பயம் நியாயம்தான். ஆண்கள் பாடும் ராப்பில் வசவு பெரும்பாலும் யாரோ ஒருவனின் அம்மா மேலோ அக்கா மேலோ போய் விழுகிறது. இந்த வார்த்தை யாரைக் குத்துகிறது என்று ஒவ்வொரு தடவையும் மகளைக் கேளுங்கள். பெண்ணைக் குத்தினால் அந்த வார்த்தையை அடித்துவிடச் சொல்லுங்கள். மற்றதை அவள் முடிவுக்கு விடுங்கள்.

எங்கே அனுப்பலாம்? 'தி தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட்' 2015 முதல் உங்கள் பகுதியிலேயே பிள்ளைகளுக்கு ஹிப் ஹாப் சொல்லிக் கொடுக்கிறது. முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். யார் சொல்லிக் கொடுக்கிறார்கள், எத்தனை பெண் பிள்ளைகள் வருகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பீட் போடும் முன் பாட்டை வெறும் பேச்சாக உங்கள் முன்னால் சொல்லிக் காட்டட்டும். பீட் இல்லாமல் மேடையில் சொல்லும் ஸ்போக்கன் வேர்டில் அதுதான் பயிற்சி: தாளத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது, தொய்ந்த வரி உடனே தெரிந்துவிடும். யூடியூபில் கிடைக்கும் பீட்டை எடுத்தால், வெளியிடும் முன் அதன் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

எதைப் பற்றி எழுதுவது என்று அவள் திணறினால், உங்கள் தெருவில் இப்போது எல்லோரும் பேசுவதை எழுதச் சொல்லுங்கள். தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன் வந்ததற்குத் தாள் வைத்திருக்கும் தரைத்தளக்காரர்களுக்கு உள்ளேயே இலவச வீடு, மாடியில் இருப்பவர்களுக்கு வெளியே என்கிறார்கள். உங்கள் வீட்டுத் தாளில் யார் பெயர் இருக்கிறது? உங்கள் பெயரும் இருக்கிறதா? முதல் பாட்டில் அவள் அதைக் கேட்கட்டும். அப்பாவையும் உட்கார வைத்துப் பாடட்டும்.