இறைப்பு மெசினும் காபரேற்றரும்: காற்றும் எண்ணெயும் அளவாய்ச் சேரும் வகை

இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் வேறிடங்களில் இருந்துவிட்டு மீண்டும் காணிக்கு வரும் குடும்பம் முதலில் பற்றையை வெட்டும். அடுத்துக் கிணற்றைக் கலக்கி இறைக்கும். மூன்றாவதாகத் தேடுவது ஓர் இறைப்பு மெசினை. புதியது வாங்க வசதியில்லாதவர்களுக்கு யாரோ வைத்திருந்த பழைய மெசின் ஒன்று கைக்கு வரும். அது கரும்புகை கக்கும், திக்கித் திக்கி ஓடும், மண்ணெண்ணெயைக் குடிக்கும். "மெசின் போய்விட்டது" என்று அதை மூலையில் போடுவதற்கு முன், அதன் காபரேற்றரை ஒருமுறை பாருங்கள். நாம் பார்த்த அளவில், இப்படிக் கைவிடப்படுகிற மெசின்கள் பலவற்றில் பழுது என்று சொல்ல எதுவும் இருப்பதில்லை. காற்றும் எண்ணெயும் சேரும் அளவுதான் பிழைத்திருக்கும்.

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் இல்லை. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது வீதியில் ஊர்ந்த வாகனங்களும் இப்படி ஓடியவையே. அந்தக் கைவேலையில் சரியும் இருந்தது, தவறும் இருந்தது. இரண்டையும் விளங்கிக்கொள்வது இன்றைக்கும் உதவும்.

காபரேற்றரின் வேலை

எண்ணெய் திரவமாக இருக்கும்போது எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்புதான் எரியும். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். கனவளவில் பார்த்தால் இது பெரிய வித்தியாசம்: ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 9,000 லீற்றர் அளவு காற்று. மண்ணெண்ணெய்க்கும் நிறைவீதம் ஏறத்தாழ இதுவே.

காபரேற்றரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் மிதக்கும் மிதவை, எண்ணெய் ஒரு மட்டத்துக்கு வந்ததும் ஊசியை மேலே தள்ளி வாயிலை அடைக்கும். மேலே காற்றுப் போகும் குழாய் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறையும். கிண்ணத்து எண்ணெய் 'ஜெற்' எனப்படும் நுண்துளை வழியே மேலேறித் தூறலாகக் காற்றில் கலக்கும். இளநீரைக் குழல்வைத்து உறிஞ்சுவது போன்றதே இது. அதற்கப்பால் உள்ள தகடு திறக்கும் அளவுக்கு இயந்திரத்தின் வேகம் கூடும். குளிர்ந்த இயந்திரத்தை இயக்கும்போது காற்றை மறைக்கும் தகட்டைச் 'சொக்' என்கிறோம். அது முழுதாகத் திறபடாமல் நிற்பதும் கரும்புகைக்கு ஒரு காரணம். பலர் இதைக் கவனிப்பதில்லை.

எண்ணெய் கூடினால் கரும்புகை வரும், பிளக் முனையில் உலர்ந்த கரி படியும், ஓட்டம் கனத்துத் தடுமாறும். எண்ணெய் குறைந்தால் காபரேற்றர் வழியே 'பட் பட்' எனத் திருப்பி வெடிக்கும், இயந்திரம் மிகவும் சூடாகும், பிளக் வெளிறிப்போகும், ஓட்டம் ஏறியிறங்கும். அளவாயிருந்தால் பிளக் முனை இளம் மண்ணிறமாக இருக்கும். மண்ணெண்ணெயில் ஓடும்போது அது சற்றுக் கருமை தட்டியிருப்பது வழமை. அதற்காக மனம் குழம்ப வேண்டாம்.

புரியாணியைத் தொடுமுன்

எடுத்த எடுப்பில் ஸ்குரூ றைவரோடு போவது நம்மவர் பழக்கம். பிழை வேறிடத்தில் இருக்க, புரியாணியைத் திருகி இரண்டு பிழையாக்கிக்கொள்வார்கள். ஆகவே முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டித் துப்புரவாக்குங்கள். பிறகு கிண்ணத்தைக் கழற்றி உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். குறிகாட்டுவானிலிருந்து வள்ளத்தில் கானில் வரும் எண்ணெயில் தண்ணீர் சேர வாய்ப்புண்டு. அது அடியில் தங்கி ஜெற்றின் வாயை அடைக்கும். உப்புக்காற்றில் அலுமினியம் அரித்து வெண்தூளாக உதிர்வதும் இதே துளைகளைத்தான் அடைக்கிறது.

ஜெற்றை ஊசியாலோ கம்பியாலோ குத்தக் கூடாது. துளை மயிரிழை பெருத்தாலும் அந்த மெசின் என்றைக்கும் அதிக எண்ணெய் குடிக்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, சைக்கிள் பம்பினால் ஊதுங்கள். அடைப்பு விடாவிட்டால் ஒரு நைலோன் இழையைச் செலுத்தலாம்.

அடுத்து, காபரேற்றர் இயந்திரத்தோடு பொருந்தும் மூட்டு. மெசின் ஓடும்போது அந்த மூட்டைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் சிறிது விடுங்கள். ஓசை மாறினால் அங்கே கள்ளக்காற்று நுழைகிறது. மூட்டுத்தாளை மாற்றாமல் எந்தப் புரியாணியைத் திருகியும் பயனில்லை.

சரிப்படுத்தும் முறை

பம்பினுள் தண்ணீர் நிரப்பிக் கிணற்றோடு இணைத்தே மெசினை இயக்குங்கள். வெறும் பம்பை ஓட்டினால் அதன் நீரடைப்பு எரிந்துபோகும். பத்து நிமிடம் ஓடிச் சூடேறட்டும்.

சிறு வில்லோடு கூடிய கலவைப் புரியாணியைக் கண்டுகொள்ளுங்கள். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். வேகத் தகட்டுக்கும் இயந்திரத்துக்கும் இடையில் இருந்தால் அது எண்ணெயைக் கட்டுப்படுத்துவது; உள்ளே திருகினால் எண்ணெய் குறையும். காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் காற்றுக் குறைந்து எண்ணெய் விகிதம் கூடும். இதை அறியாததால்தான் ஒருவர் சொல்லிக்கொடுத்தது மற்றவர் மெசினில் தலைகீழாக நடக்கிறது.

மெசினை நிறுத்திப் புரியாணியை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கி முட்டவிட்டால் அதன் கூர்முனை தேய்ந்து பழுதாகும். மீண்டும் இயக்கி, குறைந்த வேகத்தில் கால் சுற்றுக் கால் சுற்றாக இருபுறமும் திருப்பிப் பாருங்கள். ஓசை மிக வேகமாகவும் சீராகவும் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பின் வேகப் புரியாணியால் ஓட்டத்தைத் தணியுங்கள். ஒவ்வொரு முறை திருப்பியதும் சில விநாடி பொறுக்க வேண்டும். இயந்திரம் உடனே பதில் சொல்லாது.

இந்தப் புரியாணி குறைந்த வேகத்தையே ஆளுகிறது. பாரத்தோடு இறைக்கும்போது எண்ணெய் வருவது பெரிய ஜெற் வழியாக. மெதுவாக ஓடும்போது நன்றாயிருந்து, இறைக்கும்போது மட்டும் கரும்புகை வந்தால் தேய்ந்த ஜெற்றையோ உயர்ந்துவிட்ட மிதவை மட்டத்தையோதான் பார்க்க வேண்டும்.

மொறிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதிலுள்ள எஸ்.யூ. காபரேற்றரில் அடியிலுள்ள அறுபக்கச் சுரையே கலவையை ஆளும். மேலே ஏற்றினால் எண்ணெய் குறையும், கீழே இறக்கினால் கூடும். உள்ளிருக்கும் உந்தியை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்திப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் எண்ணெய் அதிகம். இயந்திரம் நிற்கப் பார்த்தால் குறைவு. சற்றே ஏறி அடங்கினால் சரி. இன்றைய புதிய வாகனங்களில் காபரேற்றரே இல்லை. அவற்றில் கைவைக்கவும் வேண்டாம், மண்ணெண்ணெய் ஊற்றவும் வேண்டாம்.

மண்ணெண்ணெயின் குணம்

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே 150 பாகை செல்சியஸ் அளவில். அதனால் குளிர்ந்த மெசினில் அது துளியாகவே உள்ளே போய், எரியாமல் வெண்புகையாக வெளியேறும். அதைவிடக் கெடுதி, அது சிலிண்டர்ச் சுவரால் வழிந்து அடியிலுள்ள எஞ்சின் ஒயிலோடு கலப்பது. ஒயில் மட்டம் குறையாமல் கூடிக்கொண்டு போனால் மகிழ வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்து ஒயில் நீர்த்துவிட்டது என்பதே பொருள். உடனே மாற்றுங்கள். தடைக்காலத்தில் பல நல்ல இயந்திரங்கள் தேய்ந்தழிந்தது இதனால்தான்.

மண்ணெண்ணெய் அழுத்தத்தில் முந்தி வெடிக்கும் குணமும் உடையது. பழைய கார்களின் அழுத்தவிகிதம் 7 மடங்கு அளவில் இருந்தபடியால் அவை தாங்கின. அப்போதும் ஏற்றத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட இறைப்பு மெசின்கள் இன்னும் குறைந்த அழுத்தத்தில் ஓடுபவை. பெற்றோலுக்கென்று செய்த மெசினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது ஆபத்துக்குதவும் ஏற்பாடாக இருக்கலாம், அன்றாட முறையாக அல்ல.

இரு தாங்கியுள்ள மெசினில், பெற்றோலில் இயக்கி நன்றாகச் சூடான பின்பே மாற்றுங்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்புங்கள். அப்போதுதான் கிண்ணத்தில் பெற்றோல் நின்று, மறுநாள் கயிறு இழுத்ததும் பிடிக்கும். இதைச் செய்யாதவரே காலையில் தோள் நோக இழுக்கிறார்.

ஒரு போத்தல் சோதனை

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. ஆகையால் கணக்குப் பார்க்காமல் இறைக்க முடியாது. 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றால் அளந்து வெறுந்தாங்கியில் விட்டு, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று எழுதி வையுங்கள். சரிப்படுத்திய பின் அதே கிணற்றில், அதே குழாயோடு, அதே வேகத்தில் மறுபடி பாருங்கள். ஒரு போத்தலில் 60 நிமிடம் ஓடிய மெசின் 75 நிமிடம் ஓடினால், 40 மணித்தியால இறைப்புக்கு 30 லீற்றர் போய் 24 லீற்றர் போதும். 340 ரூபா விலையில் இது 2,040 ரூபா. வெங்காயத்துக்கு இறைக்கும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

தீவாருக்கு எண்ணெயைவிடப் பெரிய கணக்கொன்றும் உண்டு. நமது தீவுகள் சுண்ணக்கல் நிலம். மழையால் வந்த நன்னீர் கீழுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் பாரம் கீழே 40 அடிவரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேல்மட்டம் ஓர் அடி விழுந்தபடியே இருந்தால் கீழிருந்து உப்பு அதே கணக்கில் ஏறிவரும். கலவை பிழைத்த மெசின் மெதுவாக ஓட மறுக்கும்; வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். ஆகவே உடையவர் முழு வேகத்தில் விட்டு ஒரு மணித்தியாலத்தில் கிணற்றை வற்றடிக்கிறார். உவர் ஏறிய கிணறு மழைகள் பல கண்டாலும் எளிதில் தேறாது. சரியாகக் கலந்த மெசின் தணிந்த வேகத்தில் நிதானமாக ஓடும். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கலாம்.

நீர்மட்டம் தாழ்ந்ததென்று மெசினைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. கிணற்றினுள் அது தேங்கினால் இறங்கியவரையும், அவரைத் தூக்கப் போனவரையும் சேர்த்தே கொல்லும். ஓடும் இயந்திரத்தின் காபரேற்றரில் போத்தலால் பெற்றோல் விடுவதும், விளக்கு வெளிச்சத்தில் கிண்ணம் கழற்றுவதும் வேண்டாம்.

மாரி தொடங்கி இறைப்பு நிற்கும்போதும், வீட்டைவிட்டுப் பல நாள் போகவேண்டி வரும்போதும், எண்ணெய்க் குழாயை அடைத்து, கிண்ணம் வற்றித் தானாக நிற்கும்வரை மெசினை ஓடவிடுங்கள். பின் பம்பிலுள்ள தண்ணீரையும் வடித்து, காபரேற்றர் வாயில் சீலைத்துண்டொன்றைக் கட்டிவிடுங்கள். எறும்பும் குளவியும் கூடு வைக்க விரும்பும் இடம் அது.