விமானப்படையிலிருந்து வெளியே வருகிறீர்களா? அனுபவத்தை இப்போதே காகிதமாக்குங்கள்

இருபது வருடம் போர் விமான இன்ஜினைக் கழற்றி மாட்டியவர் ஒருவர். ஓய்வு பெற்று வந்த அடுத்த மாதமே ஒரு பயணிகள் விமானத்தின் சக்கரத்தை மாற்றிவிட்டு, "இது பறக்கத் தயார்" என்று கையெழுத்துப் போட அவரால் முடியுமா?

முடியாது. வேலை தெரியாததால் அல்ல, சட்டம் இடம் கொடுக்காததால்.

என் சித்தப்பாவுக்கு இது தெரிய வந்தபோது வயது 39. ப்ராபல்ஷன் ஃபிட்டராக, அதாவது இன்ஜின் பிரிவில் வேலை பார்த்து, சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றவர். மகன் ஒன்பதாம் வகுப்பு. பென்ஷன் வந்தாலும் வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்தால் மாதக் கடைசியில் கை கடித்தது. ஆறு மாதம் அலைந்துவிட்டு ஒரு ஏடிஎம் வாசலில் காவலராக உட்கார்ந்தார். அதைத் தாழ்ந்த வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் இருந்த தொழிலுக்கு வெளியே என்ன பெயர், யாரிடம் போய்க் கேட்பது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "வந்த பிறகு சொல்லி என்னப்பா பிரயோஜனம், ரெண்டு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கணும்" என்பார். இந்தக் கட்டுரை அந்த ரெண்டு வருஷத்தில் இருப்பவர்களுக்கும், அவர்கள் வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கும்.

கையெழுத்து ஏன் செல்லாது?

நம் நாட்டில் ராணுவ விமானங்களுக்கு ஒரு விதி, பயணிகள் விமானங்களுக்கு வேறு விதி. ராணுவ விமானங்களின் பறக்கும் தகுதியை பெங்களூருவில் உள்ள செமிலாக் என்ற பாதுகாப்புத் துறை அமைப்பு பார்த்துக்கொள்கிறது. பயணிகள் விமானங்கள் டிஜிசிஏ என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. படையில் நீங்கள் எஃப் 700 பதிவேட்டில் போட்ட கையெழுத்து அங்கே முழுச் செல்லுபடி. வெளியே அதே கையெழுத்துக்கு டிஜிசிஏ தரும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேண்டும். ஏஎம்இ லைசென்ஸ் என்றால் ஹேங்கரில் எல்லோருக்கும் புரியும்.

இதற்கான விதிமுறைக்கு 'கார் 66' என்று பெயர். அதில் பி1 பிரிவு விமான உடல், இன்ஜின், மெக்கானிக்கல் அமைப்புகளுக்கானது. பி2 மின்னணுக் கருவிகளுக்கானது. ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், ப்ராபல்ஷன் ஃபிட்டராக இருந்தவர்களுக்கு பி1 இயல்பாகப் பொருந்தும். எலெக்ட்ரானிக்ஸ் ஃபிட்டருக்கு பி2. எலெக்ட்ரிக்கல் ஃபிட்டர் தன் வேலைப் பதிவைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நல்ல செய்தி, படையில் செய்த பராமரிப்பு வேலையை இந்த விதிமுறை தூக்கி எறிவதில்லை. சிவில் வேலைக்கு இணையானது என்று டிஜிசிஏ ஏற்றுக்கொண்டால் அந்த ஆண்டுகள் கணக்கில் வரும். அதற்கு மேல் சிவில் சூழலில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்க வேண்டும். மொத்த அனுபவத்தில் ஒரு பகுதி சமீபத்தியதாகவும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓய்வு பெற்று மூன்று நான்கு வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் கையில் தொழில் இருக்கும், காகிதத்தில் அனுபவம் பழையதாகியிருக்கும். எந்தப் பிரிவுக்கு எத்தனை மாதம் என்பதை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பிடிஎஃப்பில் பார்க்காதீர்கள். டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கும் சமீபத்திய திருத்தத்தையே பாருங்கள்.

தேர்வுகள் மாட்யூல் மாட்யூலாக நடக்கும். கணிதம், இயற்பியல், மின்னியல் அடிப்படை, பொருட்களும் பாகங்களும், பராமரிப்பு முறைகள், டர்பைன் இன்ஜின் என்று பெரும்பாலானவை உங்களுக்குப் பழகிய பாடங்கள்தான். சிக்க வைப்பது பத்தாவது மாட்யூல், விமானச் சட்டம். யார் கையெழுத்திடலாம், நிறுவனத்தின் பொறுப்பு என்ன, எந்த ஆவணம் எப்போது வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். இருபது வருடப் பழக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் படிக்க வேண்டிய பாடம் இது. மனிதக் காரணிகள் என்ற ஒன்பதாவது மாட்யூலையும் லேசாக நினைக்க வேண்டாம். தூக்கமின்மை, அவசரம், மேலதிகாரியிடம் 'முடியாது' என்று சொல்லத் தயங்குவது எல்லாம் அதில் பாடமாகவே இருக்கிறது.

உரிமம் வந்தாலும் வேலை முடியவில்லை. ஏ320, ஏடிஆர் 72 என்று குறிப்பிட்ட விமான வகைக்குத் தனிப் பயிற்சி எடுத்து, அந்த வகையை உரிமத்தில் சேர்க்க வேண்டும். பிறகு நிறுவனமும் அங்கீகாரம் தர வேண்டும். அதுவரை ஹேங்கரில் நீங்கள் மெக்கானிக். அதாவது பன்னிரண்டு பேரை வழிநடத்திய வாரன்ட் ஆபீசர், 26 வயதுப் பொறியாளர் ஒருவரை "சார், ஒரு தடவை செக் பண்ணிடுங்க" என்று கூப்பிட வேண்டியிருக்கும். பணத்தை விட இது பலருக்கு வலிக்கிறது. சம்பளம் எவ்வளவு குறையும் என்பதோடு இதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

விமானம் மட்டும்தான் வழியா?

இல்லை. உரிமம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்கள் உள்ளன. மாநிலத்தில் இதை டிட்கோ ஒருங்கிணைக்கிறது. விமான உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் இயந்திரம் கிடைத்துவிடும். தரக் கட்டுப்பாட்டுக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஷிஃப்ட் முடியும்போது ஸ்பானர்களை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தால் விமானத்தையே நிறுத்தி வைக்கும் பழக்கம் உங்களுக்கு ரத்தத்தில் ஊறியிருக்கும். அங்கே அதைத்தான் தேடுகிறார்கள். ஏஎஸ்9100 தர மேலாண்மை, கதிர்ப்படம், அல்ட்ராசோனிக், டை பெனட்ரன்ட் போன்ற சேதமில்லாச் சோதனை முறைகளில் சான்றிதழ் இருந்தால் விமானத்துறைக்கு வெளியேயும் கதவு திறக்கும். வாலுத்தூர், குத்தாலம், திருமாக்கோட்டை மின் நிலையங்களில் சுழலும் காஸ் டர்பைனும் ஜெட் இன்ஜினும் ஒரே குடும்பம்தான். முப்பந்தலில் நிற்கும் காற்றாலை இறக்கையும் காம்போசிட்டால் செய்ததுதான்.

வெப்பன் ஃபிட்டர்களுக்கு நேர்வழி குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெடிகுண்டும் எஜெக்‌ஷன் சீட்டும் பயணிகள் விமானத்தில் கிடையாது. ஆனால் வெடிபொருளைக் கையாண்ட ஒழுங்குக்குத் தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையில் மதிப்பு உண்டு. அதற்கான டிப்ளமோவைப் பணியில் இருக்கும்போதே யோசியுங்கள்.

ட்ரோன் இன்னொரு பாதை. 2021 ட்ரோன் விதிகளின்படி பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்ற 18 முதல் 65 வயது வரையுள்ளவர்கள் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பயிற்சி பெற்று ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம். ஓட்டுவதற்குப் போட்டி அதிகம். பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கே வேலை நிலைக்கும் என்பது என் எண்ணம்.

அரசு வேலையில் உங்கள் வயது எவ்வளவு?

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு வயதைக் கணக்கிடும் முறையே வேறு. உண்மையான வயதிலிருந்து படைப்பணி ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். மீதி வருவது, உச்ச வயதை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். சித்தப்பா கணக்கில் 39இல் 20 போனால் 19! பத்தாம் வகுப்பும் 15 ஆண்டுப் படைப்பணியும் இருந்தால், தொழில்நுட்பம் சாராத, பட்டம் கேட்கும் குரூப் சி பணிகளுக்கும் தகுதி கருதப்படலாம். மத்திய பொதுத்துறை நிறுவனங்களில் குரூப் சி பணிகளில் 14.5 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். படைவிலகல் சான்றை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வந்த முதல் மாதமே போய்விடுங்கள்.

அக்னிவீர் வாயு திட்டத்தில் 2022 டிசம்பரில் பயிற்சி தொடங்கிய முதல் அணிக்கு நான்கு ஆண்டு 2026 இறுதியில் முடிகிறது. அவர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி தானாக வராது என்பதால் மேலே சொன்ன கணக்குகள் அப்படியே பொருந்தாது. வயது இருபதுகளில் இருப்பதால் டிப்ளமோவோ ஏஎம்இ படிப்போ முழுதாகப் படிக்கலாம். அதுவே அவர்களுக்கு லாபம்.

இன்று மாலை செய்யக்கூடியது

பணியில் இருக்கும்போதே, எந்த விமானத்தில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன வேலை, யார் மேற்பார்வையில் என்று ஒரு பட்டியல் எழுதி, உங்கள் பிரிவு மூலம் முறைப்படி சான்று கேளுங்கள். வெளியே வந்த பிறகு கேட்டால், கையெழுத்திட வேண்டிய அதிகாரி வேறு தளத்துக்கு மாறிப் போயிருப்பார். ஓய்வு நெருங்குபவர்களுக்கு டிஜிஆர் என்ற மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. அதற்கும் விண்ணப்பம் உங்கள் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும்.

பயோடேட்டாவில் "போர் விமானப் பிரிவில் 12 ஆண்டு" என்று எழுதினால் எதிரே இருப்பவருக்கு மரியாதை வரும், வேலை புரியாது. "டர்பைன் இன்ஜின் மாற்றம், போர்ஸ்கோப் ஆய்வு, கிரவுண்ட் ரன், எரிபொருள் கசிவு கண்டறிதல்" என்று எழுதுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பதிவேட்டுப் பக்கம், தொழில்நுட்பக் கையேடு, ஹேங்கர் புகைப்படம் எதையும் போனில் படம் பிடித்து பயோடேட்டாவோடு அனுப்பாதீர்கள், லிங்க்ட்இன்னிலும் போடாதீர்கள். 1923ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் உங்களைக் கட்டுப்படுத்தும். செய்த வேலையைச் சொல்லலாம். விமானத்தின் திறன், ஆயுதம், தள விவரம் கூடாது.

ஓய்வுப் பணம் கைக்கு வரும் மாதத்தில் "வெளிநாட்டு ஏர்லைனில் வேலை, முன்பணம் கட்டுங்க" என்று அழைப்பு வந்தால் பேச்சைத் தொடர வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

சித்தப்பா இப்போது ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் மெக்கானிக். மூன்று மாட்யூல் முடித்துவிட்டார். அடுத்தது அந்தப் பத்தாவது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மகன் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறான், அவர் பதில் சொல்கிறார்.