பரணில் கிடந்த புலி

கேள்வி: என் தாத்தா ராயபுரத்தில் போஸ்டர் ஒட்டும் வேலை பார்த்தவர். பரணை ஒழித்தபோது தகரக் குழாய்க்குள் ஆறு சர்க்கஸ் போஸ்டர்கள் கிடைத்தன. வளையத்தில் பாயும் புலி, சைக்கிள் ஓட்டும் கரடி, ஸ்டூலில் நிற்கும் யானை! தேதியும் கிழமையும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. அசலா, காப்பியா? எந்தக் காலம்? வைத்திருப்பது சட்டப்படி தப்பா? லேமினேட் செய்யலாமா?
– வாசகி, காசிமேடு

பதில்: லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது, மதிப்பும் போய்விடும்.

சுவரேறிய போஸ்டர் பிழைப்பதில்லை. பசையின் மாவுக்காக ஆடும் மாடும் கிழித்துத் தின்னும். மிச்சத்தின் மேல் அடுத்த வாரம் சினிமா போஸ்டர் ஏறும். இன்று சேகரிப்பவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஒட்டாமல் மிஞ்சியதுதான். அது கிடைக்கும் இடமும் தாத்தாவின் பரண் போன்ற இடமே.

காலம் அறிய, புலியை விட்டுவிட்டுப் பொடி எழுத்தைப் படியுங்கள். டிக்கெட் விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. அச்சக முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தியது. ஜெமினி சர்க்கஸ் 1951இல் குஜராத்தின் பிலிமோராவில் தொடங்கியது, ஜம்போ 1977இல். கம்பெனிப் பெயரே ஒரு கீழெல்லை.

'யானை' என்ற சொல்லையும் பாருங்கள். பழைய எழுத்தில் 'னை'யே தும்பிக்கை தூக்கி நிற்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தம் அந்தத் தும்பிக்கையை எடுத்துவிட்டது. ஆனால் கைப்பழக்கத்தில் சிலர் பிறகும் அப்படியே எழுதினார்கள். எனவே இதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

மேலெல்லையைச் சட்டம் தருகிறது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 1998 அக்டோபரில் அறிவித்தது; 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உங்கள் புலியும் கரடியும் அதற்கு முந்தியவை. யானை அந்தப் பட்டியலில் இல்லை. இந்த இரண்டு எல்லைக்குள் தேதியும் கிழமையும் ஒத்துப்போகும் ஆண்டுகளைப் பழைய காலண்டரில் தேடினால் சில மட்டுமே மிஞ்சும்.

அசலா என்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். கல்லச்சில் சாக்கட்டியால் தேய்த்தது போன்ற ஒழுங்கற்ற பொறிகள் தெரியும். ஆஃப்செட்டில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். மை தெளித்த தூறலாகத் தெரிந்தால் அண்மையில் கம்ப்யூட்டர் பிரின்டரில் எடுத்த காப்பி. அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கிறதா? 1867ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அழகுக்காக அந்த ஓரத்தை வெட்டி ஃபிரேம் போட்டால், போஸ்டரின் பிறப்புச் சான்றிதழையே வெட்டியதாகும். ஊர், மைதானம், தேதி அச்சிட்ட ஸ்லிப் ஒட்டியிருந்தால் அதையும் உரிக்காதீர்கள். ஒரே புலிப் படம் பல ஊருக்குப் போகும். இது ராயபுரத்துப் புலி என்று சொல்வது அந்தத் துண்டுதான்.

சட்டம் பற்றிய பயம் வேண்டாம். புலிநகம் வைத்திருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும். புலிப் படத்துக்கு அது பொருந்தாது.

உங்கள் பகுதியில் உப்புக் காற்று காகிதத்தை நமுக்கச் செய்யும். மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைப் புகையின் கந்தக வாயு அமிலமாகி அரிக்கும். சுருளை வலிந்து விரிக்காதீர்கள், மடிக்காதீர்கள். கிழிசலில் செல்லோடேப் வேண்டாம். அமிலமில்லாத அட்டையில் வைத்து, பாலியஸ்டர் உறையிட்டு, வெளிச்சுவரில் சாயாத பீரோவில் படுக்கையாக வையுங்கள். இராமபாணப் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

விற்க அவசரப்படாமல், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒருமுறை காட்டுங்கள். விளம்பரப் பலகை எழுதிய கோட்டையூர்க்காரர் ஒருவர், பிறர் குப்பையில் போட்ட நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்ததில் பிறந்த நூலகம் அது.

பாட்டி இருந்தால், கூடாரம் எந்த மைதானத்தில் போட்டார்கள், தாத்தா எந்தச் சுவர்களில் ஒட்டினார் என்று கேட்டுத் தனித்தாளில் எழுதி உறையோடு வையுங்கள். எந்த லென்ஸிலும் தெரியாத விவரம் அது.