ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது முதுமொழி. அச்செல்வத்தைக் காக்கும் வழியை மக்களுக்குக் கற்பிப்பதும் இன்று மருத்துவத்தின் ஒரு கூறாகிவிட்டது. நோயாளிகளுக்கும், செவிலியருக்கும், வளரிளம் பருவத்தினருக்கும் நலவாழ்வுப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. ஆனால் ஒரு பயிற்சி பயன் தந்ததா என்பதை எதைக்கொண்டு அளப்பது? வந்தவர்களின் தொகையைக் கொண்டா, கேட்டவர்களின் செய்கையைக் கொண்டா? இவ்வினாவுக்கு நம் அண்டை நாடாகிய வங்காளதேசம் தந்த விடையை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நோயும் மருந்தும்

வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறப்பதற்குப் பெருங்காரணம், உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே ஆகும். வெறும் தண்ணீர் அவ்விழப்பை ஈடு செய்யாது. குடல் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் சேர்த்து உறிஞ்சுகிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. கடும் வயிற்றுப்போக்கிலும் இவ்வழி அடைபடுவதில்லை. 1968-ஆம் ஆண்டு டாக்காவிலிருந்த காலரா ஆய்வகத்தில், வாய்வழிக் கரைசலால் காலரா நோயாளிகளைத் தேற்ற முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

1971-இல் வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோர ஊராகிய பன்காவில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றை அளந்து கலந்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார். அதை நோயாளிகளுக்குப் புகட்டியவர்களுள் பலர் அவர்களுடைய உறவினரே. ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் படிப்பறியாத தாயும் மருத்துவருக்குத் துணையாவாள் என்பதை அம்முகாம் காட்டிற்று.

வீடுதோறும் பாடம்

1972-இல் ஃபஸ்லே ஹசன் அபேத் தொடங்கிய பிராக் என்னும் தொண்டு நிறுவனம், 1980-இல் இப்பாடத்தை நாடெங்கும் கொண்டுசெல்ல முற்பட்டது. பெரும்பாலான தாய்மார்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஊர்களில் அளவுக் கரண்டியும் இல்லை. ஆகவே கையே அளவுகோலாயிற்று: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இளம்பெண்கள் குழுக்களாகச் சென்று, வீடு வீடாக அமர்ந்து கற்பித்தனர். அவர்கள் கரைத்துக் காட்டியதோடு நிற்கவில்லை. தாயின் கையாலேயே, அவள் வீட்டுப் பாத்திரத்திலேயே கரைக்கச் செய்தனர். பத்து ஆண்டுகளில் 1 கோடியே 20 இலட்சம் இல்லங்களுக்கு இப்பாடம் சென்றது.

தேர்வு யாருக்கு?

என்னைப் பெரிதும் கவர்ந்தது இதற்கடுத்த செய்திதான். சில வாரங்கள் கழித்து வேறொரு பணியாளர் வந்து, பயிற்சி பெற்ற வீடுகளுள் சிலவற்றைத் தேர்ந்து, தாயிடம் வினாக்கள் கேட்பார். கரைசலைச் செய்து காட்டச் சொல்வார். தாய் நினைவில் வைத்திருந்த அளவுக்கேற்பவே கற்பித்த பெண்ணுக்கு ஊதியம் கிடைத்தது. அதாவது, தேர்வு எழுதியவள் தாய். மதிப்பெண் பெற்றவள் ஆசிரியை!

அப்படியிருந்தும் தொடக்கத்தில் ஒரு குறை தென்பட்டது. பாடத்தை ஒப்பிக்கத் தெரிந்தவர்களுள் நோய் வந்தபோது கரைசலைப் பயன்படுத்தியவர்கள் சிலரே. காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்தவர்களுக்கே இம்மருந்தில் முழு நம்பிக்கை இல்லை என்பது புலனாயிற்று. வீட்டு ஆண்களிடம் எவரும் விளக்காததும் மற்றொரு காரணம். பணியாளர்களுக்குக் கரைசல் செயற்படும் விதம் தெளிவாக விளக்கப்பட்டது. சந்தைகளிலும் பள்ளிகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களுக்குக் கூட்டங்கள் நடந்தன. நிலைமை மாறியது. இன்று வாய்வழிக் கரைசலைப் பயன்படுத்துவதில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளுள் வங்காளதேசமும் ஒன்றாகும்.

நம் முகாம்களில்

நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம்களில் நாமும் நலவாழ்வுச் சொற்பொழிவு நடத்துகிறோம். அத்தகைய சொற்பொழிவு ஒன்று முடிந்தபின், கைக்குழந்தையோடு நின்ற பெண்ணொருவரிடம் பேச்சுக்கொடுத்தேன்.

"பேச்சு புரிந்ததா, அக்கா?"

"நல்லாத்தான் சொன்னாங்க, தம்பி."

"உப்புக் கரைசல் பொட்டலத்தை எப்படிக் கலக்குவீர்கள்?"

"ஒரு தம்ளர் தண்ணியில கொஞ்சம் போட்டுக் கலக்குவேன். மிச்சத்த மடிச்சு வெச்சுக்குவேன்."

இந்த ஒரு விடையில் ஓர் உயிரின் பாதுகாப்பே அடங்கியிருக்கிறது. ஒரு லிட்டருக்கென அளந்த பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் அளவு தவறும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு, குறைந்தால் பயனில்லை. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குழந்தை சோர்ந்து குடிக்க இயலாமற் போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும். சிட்டிகையும் பிடியும் பொட்டலம் எட்டாத காலத்தில் உதவிய அளவுகள். பொட்டலம் கிடைக்குமிடத்தில் அதுவே பிழையற்றது.

அப்பெண்ணின் வீட்டுக்கே சென்று, ஒரு லிட்டர் கொள்ளும் சொம்பு எதுவெனக் கண்டு, அவர் கையாலேயே கரைக்கச் செய்தோம். அதற்குக் கால்மணி நேரமே பிடித்தது. மேடைப் பேச்சோ ஒரு மணி நேரம் நடந்தது.

ஆதலால் மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒன்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன். இனி முகாம் முடிந்த ஒரு மாதத்துக்குள் நம்மில் சிலர் அவ்வூருக்கு மீண்டும் செல்வோம். கிராம சுகாதார செவிலியரையும் உடன் அழைத்துப் பத்து வீடுகளில் கரைசலைச் செய்து காட்டச் சொல்வோம். எத்தனை தாய்மார்கள் சரியாகச் செய்தார்கள் என்ற எண்ணே நம் முகாம் அறிக்கையின் முதல் வரியாக அமையட்டும்.